ஐந்து ஸ்பீக்கரும் ஒரு கலியாணக் கொப்பியும்

மனிதனுக்குக் காது இரண்டு. இதைச் சொல்வதற்குப் பட்டம் தேவையில்லை. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் இந்த லண்டனில் நான் திறந்து திருத்திய வீடியோ டெக்குகளை வரிசையாக அடுக்கினால் வால்தம்ஸ்டோவில் தொடங்கி லூயிஷாம் வரைக்கும் வரும். ஆகவே ஒரு வீட்டு ஹோலுக்குள் ஐந்து ஸ்பீக்கர் எதற்கு என்று நான் கேட்டால் அதைப் பொறாமை என்று யாரும் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

நான் இங்கே வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் யாரோ குப்பையில் எறிந்திருந்த டெக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். புத்தகம் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல் திறந்தேன். உள்ளே ஒரு றப்பர் பெல்ட் அறுந்திருந்தது, அவ்வளவுதான். அந்த டெக்கை இன்னொரு டெக்கோடு பொருத்தி, ஒரு கசெட்டிலிருந்து இன்னொரு கசெட்டுக்குப் படக் கொப்பி எடுக்கத் தொடங்கினேன். நாலு வருடத்தில் வால்தம்ஸ்டோவில் ஒரு மீன்கடைக்கும் உடுப்புத் தோய்க்கும் கடைக்கும் நடுவில் எனக்கென்று ஒரு வீடியோக் கடை. யாரும் கைகொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

அந்தக் காலத்தில் படக் கொப்பி வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் வேறும் இருந்தன. என் கடைக்குத்தான் சனம் வந்தது. காரணம் சத்தம். மற்றவர்கள் கொப்பியிலிருந்து கொப்பி, அதிலிருந்து இன்னொரு கொப்பி என்று எடுப்பார்கள். நாலாவது கொப்பியில் கதாநாயகன் கிணற்றுக்குள் நின்று கதைப்பது போல இருக்கும். நான் நல்ல முதற் கொப்பியைத் தேடி வாங்குவேன். பத்துக் கசெட்டுக்கு ஒருதரம் டெக்கின் தலையை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். எடுத்த ஒவ்வொரு கொப்பியின் தொடக்கத்தையும் முடிவையும் என் காதால் கேட்காமல் தட்டில் வைத்ததில்லை. படத்தில் கொஞ்சம் பனி பெய்தாலும் எங்கள் சனம் பொறுக்கும். சத்தம் கெட்டால் பொறுக்காது. எங்கள் பெண்கள் படம் பார்ப்பதை விடக் கேட்பதுதான் அதிகம். கண் சட்டியில் இருக்கும், காது ஹோலில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தை எனக்கு எந்த யூனிவேர்சிற்றியும் சொல்லித்தரவில்லை.

இனி என் சகலனுக்கு வருகிறேன். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். விம்பிள்டனில் வீடு, பாலம் கட்டுகிற எஞ்சினியர். அந்த மனிதரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. எழுதும்போதாவது உண்மையை எழுத வேண்டும். என்னை விட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை 'நீர்' என்பார். எங்கள் ஊர்ப் பேச்சில் 'நீர்' என்பது மரியாதை போலவும் இருக்கும், ஆளை ஒரு படி கீழே நிறுத்துவது போலவும் இருக்கும். அவர் சொல்லும்போது இரண்டாவதுதான். விருந்தினருக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது, இவர் மின்சார லைனில் இருக்கிறார் என்பார். கடை என்ற சொல் அவருடைய வாயில் வராது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தைப்பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது ஹோலில் சாமான் மாறியிருந்தது. தொலைக்காட்சிக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர். சோபாவுக்குப் பின்னால் சுவரில் இரண்டு. கறுத்த அம்பிளிபயர் ஒன்று. ரொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டுக் கடைகளில் ஒரு முழுச் சனிக்கிழமை செலவழித்து வாங்கிய ஐந்து ஸ்பீக்கர் செற்றாம். என்னை நடுவில் இருத்தி ஒரு ஆங்கிலப் படத்தைப் போட்டார். ஹெலிகொப்டர் ஒன்று என் பிடரிக்குப் பின்னால் கிளம்பித் தலைக்கு மேலால் போய்த் தொலைக்காட்சிக்குள் இறங்கியது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை தரம் ஒரு மனிதன் ஹெலிகொப்டர் பார்ப்பான்? அதற்குள் இருந்து இறங்கிய இரண்டு பேர் கதைத்தது எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் ஆங்கிலம் காணாது என்று அவர் சொல்லுவதற்கு முதல், உங்களுக்கு விளங்குதோ என்று நானே கேட்டேன். இந்தக் காலத்து வெள்ளைக்காரர் வாய்க்குள்ளேதான் கதைக்கிறார்கள் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, ஐந்தென்று சொன்னீர்கள், நாலுதானே நிற்கிறது என்றேன்.

ஐந்தாவது ஸ்பீக்கர் அகலமாக, கட்டையாக, தொலைக்காட்சிக்கு மேலே வைக்கிற மாதிரி வந்ததாம். மேலே வைத்தபோது அதற்குள் இருக்கிற காந்தத்தால் படத்தின் ஒரு மூலை ஊதா நிறமாகிவிட்டது. நடுவில் தொலைக்காட்சியே இருக்கும்போது அங்கே இன்னொன்று எதற்கு என்று அவர் அதை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டார். மாடியில், ஹோலுக்கு மறுகோடியில், பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டி இருந்த சின்ன அறைதான் அவர்களுக்குச் சாமி அறை. அக்கா மார்கழியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து காலில் பிளாஸ்டர் போட்டிருந்தா. படி ஏற ஏலாது. கீழே ஹோலிலேயே படுக்கை. இருபது வருடமாகக் காலையில் சாமிக்கு முன்னால் நின்று தேவாரம் பாடிய அக்கா பாடாமல் விட்டால் வீட்டுக்குக் கூடாது என்று, சகலன் சாமி அறைக்கு வயர் இழுத்து அந்த ஸ்பீக்கரைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். காலையில் கீழே தேவாரக் கசெட்டைப் போட்டால் மேலே பாடும்.

"பாரும், சாமிப் பாட்டு ஹோலிலை கேக்காது. நேரே சாமி அறைக்குத்தான் போகுது. மெஷினுக்கே தெரியுது," என்றார்.

பாலம் கட்டுகிறவர் சொல்கிறார். நான் பொங்கலைச் சாப்பிட்டேன். அன்றைக்கே அந்தச் சொல்லைப் பிடித்து ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அது என் பிழைதான்.

அடுத்த கிழமை அவர் என் கடையிலிருந்து இரண்டு படக் கொப்பி எடுத்துப் போனார். இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இதில் சத்தம் இல்லை என்றார். கடையில் ஐந்து பேர் நின்றார்கள். நான் கசெட்டைக் கடை டெக்கில் போட்டேன். சத்தம் கணீரென்று வந்தது. அவர் என் சின்னத் தொலைக்காட்சியைப் பார்த்து, உந்தத் தகர டப்பாவில் கேட்டால் போதாது, நல்ல மெஷினில் போட்டால்தான் கொப்பியின் வண்டவாளம் தெரியும் என்றார்.

அந்த ஐந்து பேரில் மூன்று பேர் அதை நம்பினார்கள். எனக்கு அதுதான் சுட்டது. படித்தவர் சொன்னால் தங்கள் காது கேட்டதைக் கூட நம்ப மாட்டாத சனம்.

அதோடு நிற்கவில்லை. விம்பிள்டன் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் இதே கதை. தன் சகலன், அதாவது நான், எடுத்த கொப்பியைப் பெரிய செற்றில் போட்டால் ஊமைப்படம் என்று சொல்லிச் சிரித்தாராம். என்னுடைய கடைக்கு இருந்தது ஒரு பெயர்தான், சத்தத்தின் பெயர். அது போனால் கடை போகும். மாசி மாதம் முடிய முதலே சனி ஞாயிறுகளில் வருகிற முகங்கள் குறைந்தன. பத்து வருடமாக வந்த ஒரு அம்மா கசெட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தம்பி இதில் சத்தம் இருக்குதுதானே என்று கேட்டா. என் கடையில், என் முகத்தைப் பார்த்து. அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

என் மனைவி, அத்தானுடன் சண்டைக்குப் போக வேண்டாம் என்றாள். அவர்களின் கடைசித் தங்கைக்குக் கனடாவில் அப்போதுதான் கலியாணம் நடந்திருந்தது. இரண்டு அக்காமாரும் போகவில்லை. ஒருத்திக்குக் கால் பிளாஸ்டரில். என்னுடையவளின் பாஸ்போர்ட் குடியுரிமை விண்ணப்பத்தோடு போய், இன்னும் திரும்பி வரவில்லை. இரண்டு பேரும் தொலைபேசியில் அழுது முடித்த பிறகு கலியாணக் கசெட் தபாலில் வந்தது. கனடாக் கசெட் இங்கத்தைய டெக்கில் ஓடாது, இங்கத்தைய முறைக்கு மாற்ற வேண்டும். அதை நான்தான் மாற்றினேன். மூன்று மணித்தியாலமும் பக்கத்தில் இருந்து, காது கொடுத்துக் கேட்டு மாற்றினேன். வேறு யாருடைய கொப்பிக்கும் நான் அப்படி இருந்ததில்லை.

அதை எல்லாரும் சேர்ந்து பார்ப்பது விம்பிள்டனில் என்று அக்கா சொல்லிவிட்டா, அவவால் வெளியே வர ஏலாது என்பதால். ஒரு ஞாயிறு மத்தியானம். சொந்தக்காரர் முப்பது பேருக்குக் குறையாது. சோபாவில் பத்துப் பேர், மற்றவர்கள் கம்பளத்தில். அக்கா காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு முன்னுக்கு இருந்தா. என் மனைவி அவவின் காலடியில். அவளுக்கு அந்தக் கசெட்டை நான் முதலில் காட்டவில்லை. அக்காவோடு சேர்ந்துதான் பார்ப்பேன் என்று நின்றாள்.

சகலன் கசெட்டைப் போட்டார். மணவறை வந்தது. ஐயர் வாயை அசைத்தார். தவில்காரர் இரண்டு கையாலும் அடித்தார். ஹோலில் ஒரு சத்தமும் இல்லை. யாரோ ஒரு குழந்தை மிக்சர் கடிக்கும் சத்தம்தான் கேட்டது.

அவர் றிமோட்டை அழுத்தினார். இன்னும் அழுத்தினார். கடைசி வரைக்கும் கூட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல், சனத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நான் சொன்னனான்தானே. இதுதான் உவற்றை கொப்பி."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூட நல்லது. எல்லாரும் என்னை விட்டுப் பார்வையைத் திருப்பினார்கள். என் மனைவியும் திருப்பினாள். தங்கையின் கலியாணத்தைக் கூடப் பழுதாக்கிவிட்டேன் என்று அவள் நினைத்தது எனக்கு அவளுடைய முதுகிலேயே தெரிந்தது. தொலைக்காட்சியின் சொந்தச் சத்தத்தை வையுங்கள் அண்ணை என்றேன். அது அவருடைய வீட்டில் பாவிப்பதில்லையாம், உள்ளுக்கே நிறுத்தி வைத்திருக்கிறாராம். றிமோட்டைத் தரவில்லை. கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தரவில்லை.

அப்போது வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர். வயதான மனிதர், முகம் சிவந்திருந்தது. நாங்கள் எல்லாரும் கேட்கக்கூடியதாக வாசலில் நின்று சொன்னார். சுவருக்குள்ளால் யாரோ ஊதுகிறார்களாம், அடிக்கிறார்களாம், தன்னுடைய படுக்கை அறையில் இருக்க முடியவில்லையாம். முதலும் இரண்டு தரம் வந்து சொல்லியிருக்கிறாராம்.

சகலன் சிரித்தார். கதவை அகலத் திறந்து ஹோலைக் காட்டி, நீங்களே பாருங்கள், எங்கள் கசெட்டில் சத்தமே இல்லை என்றார். பிறகு எங்களுக்குத் தமிழில், இந்தக் கிழவனுக்கு விசர், போன மாதமும் பின்னேரங்களில் எங்கள் வீட்டில் ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்று வந்தவன் என்றார்.

ஊதுகிறார்கள். அடிக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் விஷயம் பிடிபட்டது. நான் எழும்பி ஒருவரிடமும் சொல்லாமல் படி ஏறினேன். பாதிப் படியிலேயே காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. சாமி அறைக் கதவைத் திறந்தேன். தவிலும் நாதஸ்வரமும் முகத்தில் அறைந்தன. கெட்டிமேளம். பிள்ளையார் படத்தின் கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்தது. விளக்குத் தட்டு தானாக நகர்ந்து மேசை ஓரத்துக்கு வந்துவிட்டது. கனடாவில் நடந்த கலியாணம் முழுவதும் அந்தச் சின்ன அறைக்குள், மூடிய கதவுக்குப் பின்னால், சாமிக்கு மட்டும் நடந்துகொண்டிருந்தது.

கதவை அகலத் திறந்து விட்டேன். கீழே சனத்துக்குக் கேட்டது. முப்பது தலையும் ஒரே நேரத்தில் மேலே நிமிர்ந்திருக்கும், நான் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர் மட்டும் வாசலில் நின்று, அதுதான், அதுதான் என்றார்.

விஷயம் இவ்வளவுதான். அந்த மாதிரி மெஷின், இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே சத்தம் வந்தால் அதை ஆள் கதைக்கிற சத்தம் என்று எடுத்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். படத்தில் பேச்சு தொலைக்காட்சியிலிருந்து வருவது போல இருப்பதற்காக, மெஷினைச் செய்தவன் அப்படிச் செய்திருக்கிறான். எங்கள் கொப்பிகள் எல்லாம் ஒற்றைச் சத்தம், இரண்டு பக்கமும் ஒன்றுதான். தேவாரக் கசெட்டும் அப்படியே, கலியாணக் கசெட்டும் அப்படியே. எல்லாம் நடு ஸ்பீக்கருக்குப் போகும். நடு ஸ்பீக்கர் சாமி அறையில். ஆங்கிலப் படத்தில் ஹெலிகொப்டர் எங்களுக்கு, பேச்செல்லாம் பிள்ளையாருக்கு. வெள்ளைக்காரன் வாய்க்குள் கதைக்கவில்லை. இதைப் பிறகு நான் ஒரு பழைய செற்றைப் பிரித்து ஆறுதலாக விளங்கிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வயர் எங்கே போகிறது என்று தெரிந்ததே போதுமாக இருந்தது.

கீழே வந்தேன். அம்பிளிபயரைத் திருப்பினேன். தொடாதையும் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் இருக்கும், கலியாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். மேலே போகிற வயரைக் கழற்றினேன். இடது பக்கத்துப் பெரிய ஸ்பீக்கரின் வயரை அந்த இடத்தில் போட்டேன். அவர் கடைசி வரைக்கும் கூட்டி வைத்திருந்தாரே, கெட்டிமேளம் ஹோலுக்குள் குதித்தது. கம்பளத்தில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். நான் சத்தத்தைக் குறைத்து, கசெட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி, திரும்பப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். மற்ற மூன்று ஸ்பீக்கரும் மூச்சு விடவில்லை. ஒரே ஒரு ஸ்பீக்கர். முப்பது பேருக்கும் அது காணும்.

கலியாணம் முடிந்து, வீடியோக்காரன் கலியாணப் பொம்பிளையிடம் மைக்கை நீட்டி, வராத சொந்தக்காரருக்கு ஏதாவது சொல்லச் சொல்கிற இடம் வந்தது. கனடாக் கலியாணங்களில் அப்போது அது ஒரு வழக்கம். தங்கை கூறைச்சேலையோடு நின்று, பெரியக்கா, சின்னக்கா என்று தொடங்கினாள். அம்மா இல்லாத இடத்திலே நீங்கள் இரண்டு பேரும் நின்றிருக்க வேண்டும், தாலி ஏறும்போது உங்களைத்தான் தேடினேன் என்றாள். ஒரு சொல் பிசகாமல் கேட்டது. என் மனைவி அக்காவின் பிளாஸ்டர் காலைக் கட்டிக்கொண்டாள். ஹோலில் மூக்குறிஞ்சாத பெண் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு வேண்டியது வேறு. கசெட் முடிந்ததும் சகலனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணை, இந்தச் சனத்துக்கு முன்னாலை சொன்னனீங்கள். இந்தச் சனத்துக்கு முன்னாலையே சொல்லுங்கோ, சத்தம் கொப்பியிலை இருந்தது எண்டு."

அவர் றிமோட்டைத் துடைத்தார். கடைசியிலே கேட்டதுதானே, இனி என்ன கதை, வாருங்கோ எல்லாரும் சாப்பிடுவம் என்றார்.

அக்கா சாப்பிட எழும்பவில்லை. எழும்பவும் ஏலாது. தன் மனிசனைப் பார்த்து, நிதானமாகத்தான் கேட்டா.

"ரெண்டு மாசமா ஊரெல்லாம் இந்த மனுசன்ரை கடையைப் பழிச்சனீங்கள். ஒரு சொல்லுச் சொல்ல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அவர் சமையலறைக்குப் போய்விட்டார். ஐந்து ஸ்பீக்கர் வைத்திருந்த வீட்டில் அந்த ஒரு சொல் வரவில்லை. நான் அவர் வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்காமல் வெளிக்கிட்டேன். மனைவியை மட்டும் சாப்பிட விட்டுவிட்டு வந்தேன், அவளுக்கு அது அக்கா வீடு.

அடுத்த நாள் தொடங்கி அக்கா தொலைபேசியைக் காலடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் அந்தக் கதை கேட்ட ஆட்களுக்கு ஒவ்வொருவராக எடுத்திருக்கிறா. என் மனிசன் சொன்னது பிழை, சத்தம் சாமி அறையில் இருந்தது என்று சொல்லியிருக்கிறா. பிளாஸ்டர் வெட்டும் வரைக்கும் அவவுக்கு அதுதான் வேலை. பங்குனி முடியக் கடையில் பழைய முகங்கள் வரத் தொடங்கின. சத்தம் இருக்குதுதானே என்று கேட்ட அம்மாவும் வந்தா, கேட்காமல் எடுத்துக்கொண்டு போனா. அக்கா செய்ததை நான் மறக்கவில்லை. ஆனால் சொன்னவர் வாயால் வரவில்லையே என்பதையும் நான் மறக்கவில்லை.

ஏழெட்டு மாதம் அவர் என் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வந்தார். அக்காவுக்கு ஒரு படம் வேண்டுமாம், வேறு கடைகளில் இல்லையாம். கடை நிறையச் சனம். நான் வாங்கோ அண்ணை என்றேன். கசெட்டை எடுத்தேன், ஆனால் கையில் கொடுக்கவில்லை. மேசையில் இருந்த தகர டப்பாவில் போட்டேன். எழுத்து ஓடி, பாட்டு ஓடி, கதாநாயகி கதைக்கும் வரைக்கும் ஓடவிட்டேன். சனம் கதையை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தது.

"கேக்குதோ அண்ணை?"

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"கேக்குது."

"வடிவாக் கேக்குதோ?"

"ஓம். வடிவாக் கேக்குது."

"எத்தினை ஸ்பீக்கர்?"

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர் செருமினார். கதாநாயகி கதைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்டு," என்றார்.

கசெட்டை வெளியே எடுத்து, தொடக்கத்துக்குச் சுற்றி, பெட்டியில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அக்காவிடம் நான் சுகம் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன்.